ஆஃபர் லெட்டர் வந்த மறுநாள்: அவல் தட்டு வச்சு நன்றி சொல்ற யூதர்கள்

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் காலேஜ் பக்கத்துப் பிள்ளையார் கோயில்ல நிக்க இடம் இருக்காது. ஆஃபர் லெட்டர் வந்த மறுநாள் அதே கோயில் காத்து வாங்கும். அந்த மறுநாளைப் பத்தித்தான் இன்னிக்கு எபிசோட். நல்லது நடந்து முடிஞ்சதும் கடவுள்கிட்ட என்ன பேசுறது? இந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்ட ஒரு மரபு யூத மரபு. இதுக்காக ஜெருசலேம் வரைக்கும் போக வேண்டாம். நம்ம நாட்டுலயே, ஒரு கடற்கரையில, அவலும் தேங்காயும் வச்சு நன்றி சொல்ற யூதர்கள் இருக்காங்க.

மும்பைக்குத் தெற்கே அலிபாக் பக்கம், கொங்கண் கடற்கரை. அங்க இருக்கிறவங்க பேரு பெனே இஸ்ரேல். வீட்டுல பேசுறது மராத்தி. அவங்க பரம்பரைக் கதைப்படி, நவ்காவ்ங்கிற ஊர்கிட்ட ஒரு கப்பல் உடைஞ்சு, ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டும் கரையேறினாங்க. அவங்க வம்சம்தான் இவங்க. செக்கு ஆட்டி எண்ணெய் எடுக்கிறதுதான் அந்தக் காலத்துல தொழில். சனிக்கிழமை ஓய்வு நாள், செக்கு ஓடாது. அதனால ஊர்க்காரங்க வச்ச பேரு 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.

இவங்களோட தனி அடையாளம் மலீடா. ஊறவச்ச அவல்ல தேங்காய்த் துருவல், சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் போட்டுப் பிசைஞ்சு தட்டுல குவிச்சு, மேல பாதாம், திராட்சை தூவி, சுத்தி பழங்களை அடுக்குவாங்க. வாசனைக்கு ஒரு ரோஜாப்பூவோ நறுமண இலையோ இருக்கும். எலியா தீர்க்கதரிசியை நினைச்சு எபிரேயத்துல பாட்டு, அப்புறம் ஆசி மொழிகள், அப்புறம் எல்லாரும் சாப்பிடுறது. கல்யாணத்துக்கு முன்னாடி மெஹந்தி அன்னிக்கு வைப்பாங்க. குழந்தை பிறந்தா, புது வீடு குடிபோனா, உடம்பு தேறினா வைப்பாங்க. நினைச்சது நடந்தா மலீடா வைக்கிறேன்னு வேண்டிக்கிறவங்களும் உண்டு, நம்ம நேர்த்திக்கடன் மாதிரியே. ஆனா வேண்டிக்காமலே வந்த சந்தோஷத்துக்கும் வைக்கிறாங்க பாருங்க, எனக்குப் பிடிச்சது அந்தப் பாதி.

அந்த ஆசி மொழிகள்ல ஒரு விஷயம் இன்ஜினியர் மூளைக்கு செம தீனி. மொத்தமா ஒரே ஒரு தேங்க்ஸோட முடிச்சிட முடியாது. மரத்துல காய்க்கிறதுக்கு ஒரு ஆசி மொழி, மண்ணுல விளையிறதுக்கு வேற, வாசனைக்குத் தனியா ஒண்ணு. பேரீச்சம்பழம் மரக் கணக்கு. வாழைப்பழம்? மண் கணக்கு! குலை தள்ளினதும் அந்த வாழையோட கதை முடிஞ்சிடும், அடுத்த வருஷம் கன்னுதான் காய்க்கும், அதனால அது மரம் இல்லைன்னு அவங்க சட்ட நூல்கள் பிரிக்குது. டெல்டாக்காரங்களுக்கு இதைச் சொல்லித் தரணுமா என்ன! ஆனா ஒரு பழத்தைக் கையில எடுத்து, இது எங்கேருந்து வந்ததுன்னு ஒரு செகண்ட் யோசிச்சாத்தான் வாயைத் திறக்க முடியும்ங்கிற அந்த ஏற்பாடு இருக்கே, அபாரம்.

சரி, எதுக்கு இவ்வளவு மெனக்கெடல்? யூதர்ங்கிற சொல்லுலயே பதில் இருக்கு. யூதாங்கிற பேர்ல இருந்து வந்த சொல் அது. ஆதியாகமத்துல யாக்கோபோட மனைவி லேயாளுக்கு மூணு பிள்ளைங்க பிறக்குது. கணவன் தன்மேல அன்பு காட்டலையேங்கிற ஏக்கம் அந்த மூணு பேர்லயும் தெரியும். நாலாவது பிள்ளைக்கு மட்டும் நன்றி, துதிங்கிற பொருள்ல பேரு வைக்கிறா. ஏன் நாலாவதுக்கு? பழைய உரைகாரங்க ஒரு கணக்கு சொல்றாங்க: நாலு மனைவிகள், பன்னிரண்டு பிள்ளைகள், தலைக்கு மூணு. நாலாவது தன் பங்குக்கு மேல வந்தது. அதை அவ உணர்ந்தா. அந்த எபிரேய வேர்ச்சொல்லுக்கு இன்னொரு பொருள், ஒப்புக்கொள்றது. ஆக, இந்த மரபுல நன்றிங்கிறதே ஒரு ஒப்புதல்தான்: எனக்குச் சேர வேண்டியதைவிட அதிகமா வந்திருக்கு.

நம்ம பிரார்த்தனை பெரும்பாலும் எரர் வந்தா மட்டும் லாக் எழுதுற சிஸ்டம். நல்லா ஓடின நாளுக்கு ஒரு வரிகூட பதிவு இருக்காது. கொஞ்ச நாள்ல, இதெல்லாம் நானே ஓட்டினதுன்னு தோண ஆரம்பிச்சிடும். உபாகமம் எட்டாம் அதிகாரம் எச்சரிக்கிறது சரியா இந்த இடத்தைத்தான்: வயிறு நிறைஞ்சு, வீடு கட்டி, ஆடு மாடு பெருகின பிறகு வர்ற மறதி.

அடுத்தது கோமேல். தால்முத் நாலு பேரைச் சொல்லுது: கடல் கடந்து வந்தவர், பாலைவனம் தாண்டி வந்தவர், நோயிலிருந்து எழுந்தவர், சிறையிலிருந்து விடுபட்டவர். இவங்க நன்றி சொல்லியாகணும், அதுவும் தனியா முணுமுணுக்கக் கூடாது. குறைஞ்சது பத்துப் பேர் கூடின சபையில எழுந்து சொல்லணும், சபை பதில் வாழ்த்து சொல்லணும்.

இதைப் படிச்சப்போ எனக்கு ஒரு நெருடல் வந்தது. எங்க பட்டினச்சேரி மீனவ கிராமம். கடலுக்குப் போனவர் திரும்பி வர்றதை அங்க யாரும் சாதாரணமா எடுத்துக்கிறதில்லை, 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் சுத்தமா இல்லை. பிழைச்சு வந்தவர் ஊர் முன்னாடி எழுந்து 'கடவுள் என்னைக் காப்பாத்தினார்'னு சொல்றார்னு வைங்க. திரும்பி வராதவரோட அம்மா அதே கூட்டத்துல உட்கார்ந்திருந்தா? அவங்க பிள்ளை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

கோமேல்ல இருக்கிற வார்த்தைகளைப் பார்த்தா, இந்த இடத்துல கவனமா இருந்திருக்காங்கன்னு தெரியுது. நான் நல்லவன், அதனால பிழைச்சேன்னு அதுல கிடையாது. தகுதி இல்லாதவங்களுக்கும் நன்மை செய்றவர்னுதான் கடவுளைச் சொல்லுது. பிழைச்சவன் தன்னை அந்தத் தகுதி இல்லாதவங்க வரிசையில நிறுத்திக்கிறான். அந்த அம்மாவோட கேள்விக்கு இது பதில் ஆகாது. ஆனா அவங்க முகத்துக்கு நேரா பெருமை அடிச்சுக்கிறதாவது இருக்காது.

இந்த மரபுல சந்தோஷத்தைப் பத்திக் கண்டிப்பா எழுதினவர் மைமோனிடிஸ், 12ஆம் நூற்றாண்டுல எகிப்துல வாழ்ந்த மருத்துவர், சட்ட அறிஞர். பண்டிகை அன்னிக்கு வாசல் கதவைச் சாத்திக்கிட்டு குடும்பத்தோட மட்டும் விருந்து சாப்பிட்டு, ஏழைகளைக் கவனிக்காம விட்டா, அதைப் பண்டிகைக் கணக்குலயே அவர் சேர்க்கலை. வயித்துக் கொண்டாட்டம்னு ஒதுக்கிடறார். இவ்வளவு சொன்னவரோட தம்பி தாவீது, வியாபாரத்துக்காகப் போனப்போ இந்தியப் பெருங்கடல்ல மூழ்கி இறந்தார். அந்த துக்கத்துல ஏறக்குறைய ஒரு வருஷம் படுக்கையில கிடந்ததா மைமோனிடிஸே ஒரு கடிதத்துல எழுதியிருக்கார். கடல் என்ன பண்ணும்னு தெரிஞ்ச மனுஷன்தான் அவர்.

கதவைத் திறந்து வைங்கிற அந்த விதி நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. காரைக்கால் மாங்கனித் திருவிழாவுல, ஆனி மாசம், பிச்சாண்டவர் வீதியுலா வர்றப்போ, வேண்டுதல் நிறைவேறினவங்க மாடியில இருந்து மாம்பழத்தைக் கூட்டத்துல வீசுவாங்க. ஒருத்தரோட நன்றி முன்பின் தெரியாத இன்னொருத்தர் கையில போய் விழும். மலீடா தட்டும் கடைசியில அப்படித்தான் கை மாறுது.

1948க்கு அப்புறம் பெனே இஸ்ரேல்ல பெரும்பாலானவங்க இஸ்ரேல் போயிட்டாங்க. 1960கள் தொடக்கத்துல, கல்யாண விஷயத்துல நீங்க முழு யூதர்தானான்னு அங்க மதத் தலைமையே சந்தேகப்பட்டு பரம்பரையைத் தோண்டச் சொன்னது. அவங்க போராடினாங்க. 1964ல அரசு அவங்க பக்கம் நின்னது. அதுக்குப் பிறகும் மலீடாவை விடலை. அலிபாக் பக்கம் கண்டாலாங்கிற கிராமத்துல, எலியாவோட தேர் பதிஞ்சதா அவங்க நம்புற ஒரு பாறை இருக்கு. நேர்த்திக்கடன் தீர்க்க அங்கதான் போவாங்க. இஸ்ரேல்ல இருக்கிறவங்க அதே காரியத்துக்கு ஹைஃபாவுல இருக்கிற எலியா குகைக்குப் போறாங்க, அவலும் தேங்காயும் எடுத்துக்கிட்டு.