ஏற்காட்டில் 12 போதாது... மலையில் வாழ்பவர்களின் ரத்தத்துக்குத் தனிக் கணக்கு!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டில் இறங்கினால், முதலில் குளிர் தெரியும். காது அடைத்திருக்கும். சிலருக்கு வயிற்றைப் புரட்டும். மூச்சில் மட்டும் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால், அங்கே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் சேலத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய 14% குறைவான ஆக்ஸிஜன்தான் இருக்கிறது. சேலம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்றில் ஆக்ஸிஜனின் விகிதம் இரண்டு ஊர்களிலும் அதே 21 சதவிகிதம்தான். மேலே போகப் போக காற்றே இளைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பிறகு ஏன் மூச்சு முட்டவில்லை? காரணம், ரத்தச் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின்.

ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் 4 இரும்பு அணுக்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். அதாவது, 4 இருக்கைகள் கொண்ட வண்டி. முதல் இருக்கையில் ஆள் ஏறியதும், மற்ற மூன்றிலும் ஏறுவது சுலபமாகிவிடும். அதனால் நுரையீரலில் ஆக்ஸிஜன் ஓரளவு குறைந்தாலும் இருக்கைகள் ஏறக்குறைய நிரம்பிவிடுகின்றன. ஆரோக்கியமான ஒருவருக்கு ஏற்காட்டிலும் 95 சதவிகிதத்துக்கு மேல் நிரம்பியிருக்கும்.

ஏற்றிக்கொள்வதைவிட இறக்கிவிடுவதுதான் பெரிய சாமர்த்தியம். மேட்டில் நடக்கும்போது கால் தசைகள் சூடாகின்றன. கார்பன் டை ஆக்ஸைடையும் அமிலத்தையும் வெளியேற்றுகின்றன. அந்த இடத்துக்கு வந்ததும் ஹீமோகுளோபினின் பிடி தளர்கிறது. எங்கே உழைப்பு அதிகமோ, அங்கே ஆக்ஸிஜன் அதிகமாக இறங்குகிறது. கார்பன் டை ஆக்ஸைடு இப்படிப் பிடியைத் தளர்த்துவதை 1904-ல் விளக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் போர். அணுவின் அமைப்பை விளக்கி நோபல் பரிசு பெற்ற நீல்ஸ் போரின் அப்பா!

சிக்கல், வண்டிகளே குறைவாக இருக்கும்போது ஆரம்பிக்கிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். 14 கிராம் இருக்கும் பெண்ணின் 100 மில்லி ரத்தத்தில் கிட்டத்தட்ட 19 மில்லி ஆக்ஸிஜன் பயணம் செய்யும். 7 கிராம் இருப்பவருக்கு அதில் பாதிதான். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிவைத்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரை இருவர் விரலிலும் மாட்டினால், இருவருக்குமே 98 என்று காட்டலாம். இருக்கைகளில் எத்தனை சதவிகிதம் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி சொல்லும். எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பது அதற்குத் தெரியாது. ‘98 காட்டுது, ஒண்ணுமில்ல’ என்று சோர்வை ஒதுக்கிவிட முடியாது.

தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. ஆனால், இது சமவெளிக் கணக்கு. உயரமான இடத்தில் நிரந்தரமாக வாழ்பவர்களுக்குச் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து, அதிகச் சிவப்பணுக்களை உருவாக்கவைக்கிறது. அதனால் அவர்களுக்கு இயல்பான அளவே சற்று அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, ஏற்காடு போன்ற உயரத்தில் இந்த எல்லையை ஏறக்குறைய 1 கிராம் உயர்த்திப் பார்க்க வேண்டும். சேலத்தில் 12.4 என்றால் பாஸ். சேர்வராயன் மலைக் கிராமத்துப் பெண்ணுக்கு அதே 12.4 என்றால், அது லேசான சோகையாக இருக்கலாம். (வார இறுதிக்கு வந்துபோகும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

மேட்டில் ஏறி இறங்கி, காபிப் பழம் பறித்து, மூட்டை தூக்கும் பெண்களுக்கு இந்த ஒரு கிராம் சின்ன விஷயமல்ல. படபடப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் எல்லாவற்றையும் ‘வேலை அலுப்பு’ என்று கடந்துவிடுகிறார்கள். பச்சரிசி, சாம்பல், சாக்பீஸ் என்று எதையாவது தின்னத் தோன்றுவதும் இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம். செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடந்தால் கொக்கிப்புழு பாதத்தின் வழியே நுழைந்து, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். அப்போது இரும்பு மாத்திரையோடு பூச்சி மாத்திரையும் தேவை.

1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் மூலம் ஏற்காட்டுக்கு வந்த காபிக்கும் இதில் பங்குண்டு. சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது கணிசமாகக் குறைகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே கதைதான்; சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தால் பாதிப்பில்லை என்று ஆய்வு சொல்கிறது. டீ இன்னும் மோசம். அதே மலையில் விளையும் ஆரஞ்சு இதற்கு நேரெதிர்: அதிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் ராகியிலும் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்ள உதவுகிறது. ஆரஞ்சு இல்லாவிட்டால் நெல்லிக்காய், எலுமிச்சை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை இலவசம். மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து நிறுத்த வேண்டாம், அது இயல்பு. கர்ப்பிணிகள் கால்சியம் மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. எண்ணிக்கை சரியான பிறகும், உடலின் இரும்புச் சேமிப்பு நிரம்ப சுமார் 3 மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறவில்லையா? காரணம் இரும்பாக இல்லாமல் இருக்கலாம். ஆக்ஸிஜனை இறக்கிவிட்டதும் சிவப்பணு அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாயில் சிக்கும் ‘சிக்கிள் செல்’ பரம்பரை நோயை, இந்தியாவில் முதன்முதலில் 1952-ல் கண்டறிந்தது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். இதை ஒழிக்க 2023 ஜூலை 1 அன்று தேசிய இயக்கம் தொடங்கப்பட்டு, பழங்குடிப் பகுதிகளில் பரிசோதனை நடக்கிறது. கணவன், மனைவி இருவருமே இந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு உண்டு. சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது என்பதால், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.