ஜாடிக்குள் இறங்குவது யார்?

ஜார்ஜியாவின் ககேத்தி பகுதிக்குப் போனால் எந்த வீட்டிலும் கோப்பை நிறைய ஒயின் நீட்டுவார்கள். அது கோப்பைக்கு வருமுன் நடக்கிற கூத்தை எனக்குக் காட்டிவிட்டார்கள்! திராட்சை அறுவடைக் காலம். தெலாவிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தலைநகர் திபிலிசியிலிருந்து ஆண்டுதோறும் இங்கே கூடும் கல்லூரித் தோழர்களோடு நானும் ஒட்டிக்கொண்டேன். நீங்களும் என் பின்னாலேயே வாருங்கள்.

காலடியைப் பார்த்து வையுங்கள். ஒயின் அறை முழுக்க வாளிகள், ரப்பர் குழாய், வெங்காயச் சரம், யாரோ மறந்துபோன குழந்தை சைக்கிள். நடுவே தரையில் வட்டவட்டமாகத் துளைகள். அவைதான் க்வெவ்ரி: வாய்வரை மண்ணில் புதைத்த, உள்ளே தேன்மெழுகு பூசிய சுடுமண் ஜாடிகள். இந்த ஒயின் முறையை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் ஜாடியை யாராவது இறங்கித்தான் கழுவியாக வேண்டும்.

எல்லாக் கண்களும் கூட்டத்தின் ஒல்லியான ஆள்மேல் திரும்பின. பல் மருத்துவர்.

“போன வருஷமும் நான்தானே!”

“தினமும் செய்கிற வேலைதானே? இதைப் பெரிய பல் என்று நினைத்துக்கொள். இறங்கு!”

செர்ரி மரப்பட்டையில் கட்டிய தூரிகையோடு இறங்கினார். வாளி வாளியாகத் தண்ணீர் போனது, கலங்கி மேலே வந்தது. வீட்டுப் பாட்டி ஒவ்வொரு முறையும் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடிப்பார், உதட்டைப் பிதுக்குவார். “இன்னொரு தடவை.” அலுத்துப்போன மருத்துவர் உள்ளிருந்தே பாட ஆரம்பித்தார். ஜாடி அந்தக் குரலை அப்படியே வாங்கிப் பெருக்கியது! மேலே நின்றவர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டாம் குரலும் மூன்றாம் குரலும் சேர்த்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்த அரங்கத்திலும் இப்படிக் கேட்டதில்லை.

அடுத்தது மிதி. குடைந்த மரத்தொட்டியில் ர்காட்சிதேலி திராட்சையைக் கொட்டினார்கள். காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு ஏறினோம். பழம் வழுக்குகிறது, காம்பு குத்துகிறது, முழங்கால்வரை பிசுபிசுப்பு. குளவிகள் வேறு! வங்கி அதிகாரி ஒருவர் குளவிக்குப் பயந்து துள்ளிய துள்ளலில் பாதித் தொட்டி நசுங்கிவிட்டது. “இவருக்கு இன்னும் நாலு குளவி பிடித்து வாருங்கள்” என்று கத்தினாள் அவர் மனைவி.

சாறும் தோலும் விதையும் காம்பும் சேர்ந்தே ஜாடிக்குள் போகின்றன. ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. பழத்தோலில் இருப்பதே போதும். சில நாளில் ஜாடி கொதிப்பதுபோல் நுரைத்தது. மேலே மிதந்து வரும் தோலை நீளக் கட்டையால் பகலும் இரவும் அமுக்க வேண்டும். வாயு கிளம்புவதால், எட்டிப் பார்த்த என் சட்டையைப் பாட்டி பின்னாலிருந்து இழுத்துவிட்டார். பொங்குவது அடங்கியதும் கல்மூடி போட்டு, களிமண்ணால் பூசிவிடுவார்கள். இனி வசந்தத்தில்தான் திறப்பு.

மூடி போடும்வரை தோலை யார் எப்போது அமுக்குவது? குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய முறைப்பட்டியல் முன்னால் பெரிய சண்டை. ராத்திரி இரண்டு மணிக்கு நேராக மட்டும் எல்லாரும் பேனாவை எடுத்தார்கள், வைத்தார்கள். நான் ஓடிப்போய் என் பெயரை எழுதிவிட்டேன்.