எங்கள் கடிதம் எந்தப் பெட்டியில் கிடக்கிறது?

வாவிக்கரையில் பன்பாய் இழைக்கும் எமது குழுவில் கணனி வேலை என் பொறுப்பு. சென்ற வருடம் கொழும்புக் கம்பனியொன்றுக்கு மின்னஞ்சலில் விலைப்பட்டியல் அனுப்பினோம். பதிலே இல்லை. தொலைபேசியில் விசாரித்தபோதுதான் அது 'ஸ்பாம்' என்னும் குப்பைப் பெட்டியில் கிடந்தது தெரிந்தது.

கம்பனிகளின் அஞ்சல் வாசலிலும் ஒரு சோதனைச் சாவடி உண்டு. எமக்குப் பழகிய சாவடிகளைப் போலவே அங்கும் முதற் கேள்வி, "அடையாள அட்டை எங்கே?" என்பதுதான். எஸ்.பி.எப்., டி.கே.ஐ.எம். என்பவை அந்த அட்டைகள். இந்தப் பெயரில் கடிதம் அனுப்ப எந்தக் கணனிக்கு உரிமையுண்டு என்பதை முதலாவது சொல்லும். வழியில் யாரும் கடிதத்தை மாற்றவில்லை என்பதற்கு இரண்டாவது முத்திரை. ஜிமெயில் ஊடாக அனுப்பினால் இரண்டும் தாமாகவே சேரும். சொந்தப் பெயரில் இணைய முகவரி வாங்கிய குழுக்கள், அமைத்துத் தந்தவரிடம் இவற்றைக் கேட்டுப் போடுவிக்க வேண்டும்.

அட்டை இருந்தாலும் நடத்தையும் பார்க்கப்படும். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு 2024 பெப்ரவரியில் கூகிள் கொண்டுவந்த விதிப்படி, ஸ்பாம் என்ற முறைப்பாடு 0.3 வீதத்தை எட்டக்கூடாது, ஆயிரத்துக்கு மூன்று! நாம் அவ்வளவு அனுப்புவதில்லை. ஆனாலும் முறைப்பாடு சிறு குழுவையும் பாதிக்கும். ஆகவே சகோதரிகளே, முகவரிப் பட்டியல் விற்க வருவோரிடம் காசைக் கொடுக்காதீர்கள். கேளாதவருக்குப் போகும் கடிதம்தான் முறைப்பாட்டைக் கொண்டுவரும்.

நாங்கள் இப்போது முதலில் தொலைபேசியில் பேசுகிறோம். கூச்சப்பட ஒன்றுமில்லை, கடனா கேட்கிறோம்? கொள்வனவு செய்பவரையே ஒரு வரி எழுதச் சொல்லி, அதற்குப் பதிலாகவே விலைகளை அனுப்புகிறோம். விலையைப் படத்துக்குள் அல்லாமல் கடிதத்திலேயே எழுதுகிறோம். அப்படியும் குப்பைப் பெட்டிக்குள் போனால், 'ஸ்பாம் அல்ல' என்பதை அழுத்தும்படி அவரிடமே கேட்கிறோம்.