பரணிலிருந்து இறங்கிய விமானம்

பள்ளியில் நான் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தேன். பால்சா மரத்தை பிளேடால் சீவி, பசை ஒட்டி, சின்னச் சின்ன கிளைடர் செய்வோம். பத்தாவதோடு படிப்பு நின்றது. பிறகு கல்யாணம். அந்த ஆசையெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிப் பரணுக்குப் போய்விட்டது.

போன கோடை விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது, என் மகள் பெட்டியைத் திறந்து, "அம்மா, இது நீயா செஞ்சது?" என்றாள். மனசு கேட்கவில்லை. சீட்டுப் பணத்தில் மோட்டார், பேட்டரி, ரிமோட் வாங்கினேன். உடம்புக்குத் தெர்மோகோல் ஷீட். "குழந்தை பெத்தப்புறம் இதென்ன விளையாட்டு?" என்றார் மாமியார். கணவர் வாய் திறக்கவில்லை.

முதல் நாள் மைதானத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழும்பி, தொப்பென்று விழுந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரவு அடுப்படியை ஒழித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான், பள்ளியில் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. இறக்கையின் முன் விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் கால் பங்குக்குச் சற்றுத் தள்ளி, இரு பக்கமும் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். என்னுடையது வால் பக்கம் சாய்ந்தது. பேட்டரியை முன்னால் தள்ளி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு நாலு நிமிடம் வட்டமடித்து, புல்லில் பூப்போல இறங்கியது! வீட்டுக்கு வந்ததும் மாமியார் மெல்ல, "ஏன்டி, ரொம்ப உயரமா போச்சா?" என்று கேட்டார்.

தோழிகளே, உங்கள் பரணிலும் ஏதாவது பெட்டி இருக்கிறதா? இறக்கித்தான் பாருங்களேன்!

- ஒரு வாசகி, திருச்சி.