செங்காயையும் பொறுக்குங்கள்

கனமூலை வளவுகளில் நாவல் பழுத்தால் நிலமெல்லாம் ஊதாதான். பிள்ளைகள் நாக்குக் கறுக்கத் தின்றது போக மீதி எறும்புக்கும் வௌவாலுக்கும். பாணுக்குப் பூசும் ஜாமையோ கடையில் வாங்குகிறோம்!

இம்முறை நாமே காய்ச்சினோம். முதற்சட்டி இறுகவில்லை, ஒரு கிலோ சீனியும் பாணியாய்ப் போயிற்று. நன்கு கனிந்தவற்றையே பொறுக்கியதுதான் பிழை. பழம் கனியக் கனிய, ஜாமை இறுகச் செய்யும் பெக்ரின் குறைந்துவிடும். அடுத்த சட்டியில் காற்பங்கு செங்காயும் இரண்டு தேசிக்காயின் புளியும் சேர்த்தோம். கொட்டை நீக்கிய சதை ஒரு கிலோவுக்குச் சீனி ஒரு கிலோ. அலுமினியச் சட்டி வேண்டாம். புளி அதை அரிக்கும். குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு விரலால் தள்ளுங்கள். மேற்பரப்புச் சுருங்கினால் உடனே இறக்கி, அவித்தெடுத்த போத்தலில் சூட்டோடு ஊற்றுங்கள்.

முதற்சட்டிப் பாணியைத் தண்ணீர் கலந்து குடித்தோம்.