சூட்டில் தளரும் சோளக் கோப்பை

மக்காச்சோள மாவுச்சத்தை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள். அதிலிருந்து பிறப்பதுதான் பிஎல்ஏ எனப்படும் பாலிலாக்டிக் அமிலம். மக்கும் பிளாஸ்டிக்குகளில் இன்று அதிகம் புழங்குவது இதுவே. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் பிளேர் என்ற ஊரில் 2002-ல் தொடங்கிய ஆலைதான் இதை மலிவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குளிர்ந்த பழச்சாற்றுக்கு பிஎல்ஏ கோப்பை கச்சிதம். சூடான தேநீரை ஊற்றினால் குழைந்துவிடும். 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே அது இளகத் தொடங்குகிறது.

இத்தனைக்கும் பிஎல்ஏ படிகம் உருக 150 டிகிரிக்கு மேல் வேண்டும். கோப்பையில் படிகமே இல்லாததுதான் சிக்கல். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒழுங்காக மடிந்து அடுக்காக அமைந்தால்தான் படிகம். பிஎல்ஏ சங்கிலிக்கு இது மெதுவாக நடக்கிற காரியம். மிகத் தோதான 100, 110 டிகிரியில் வைத்திருந்தாலும் நிமிடக் கணக்கில் ஆகும். ஆலையின் அச்சோ சில விநாடிகளில் குளிர்ந்து கோப்பையை வெளியே தள்ளிவிடுகிறது. சங்கிலிகள் தாறுமாறாகப் பின்னிக் கிடந்த நிலையிலேயே உறைந்துபோகின்றன.

பனங்கற்கண்டு எடுப்பவர்கள் பாகுப் பானைக்குள் நூல் கட்டித் தொங்கவிடுவார்கள். அதைப் பற்றிக்கொண்டுதான் கற்கண்டு வளரும். படிகமாவதை விரைவுபடுத்த உருகிய பிஎல்ஏ-யில் கலக்கும் மிக நுண்ணிய நானோ துகளுக்கும் அதே வேலை. துகளின் பரப்பு சங்கிலிகளுக்குப் பிடிமானம் தருவதால் படிகத்தின் முதல் கரு எளிதில் உருவாகிறது. மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண்ணின் ஒரு ஏடு ஒரு நானோமீட்டர் தடிமன்தான். சிறிதளவு கலந்தாலே பிளாஸ்டிக்குக்குள் பிரம்மாண்டமான பரப்பு கிடைத்துவிடும். ஜப்பானின் டொயோட்டா தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் சுப்ரகாஸ் சின்ஹா ரே, மசாமி ஒகாமோட்டோ ஆகியோர் 2000-களின் தொடக்கத்தில் செய்த களிமண்-பிஎல்ஏ ஆய்வுகள் இத்துறைக்குப் பெரும் உந்துதல் தந்தன. கார்பன் நானோ குழாய், செல்லுலோஸ் நானோ படிகம் என்று பட்டியல் பின்னர் நீண்டது.

முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். துகள் இல்லாத பிஎல்ஏ-யில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய படிகக் கோளங்கள். துகள் கலந்ததில் நெருக்கியடித்த பொடிக் கோளங்கள். பாக்டீரியாக்கள் உருவாக்கும் பிஎச்பி என்ற பாலிமருக்கும் இது உதவும். அதில் கோளங்கள் பெரிதாக வளர்ந்து விரிசல் விடுவதால் பொருள் நொறுங்கும். கருக்கள் பெருகினால் கோளங்கள் சிறுக்கும்.

அதற்காகத் துகளை அள்ளிக் கொட்டக் கூடாது. அளவு மீறினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். சங்கிலிகள் நகரவும் இடமிருக்காது. கரு பிறந்தும் படிகம் வளராது. துத்தநாக ஆக்ஸைடு இன்னொரு தொல்லை: உருக்கும் சூட்டில் பிஎல்ஏ சங்கிலியையே அது துண்டாடிவிடும். நானோ என்ற சொல்லுக்கு மயங்கவும் வேண்டாம். முகப்பவுடரில் சேரும் டால்க் என்ற சாதாரணக் கனிமமே பல ஆலைகளில் இந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பிஎல்ஏ மக்கும்போது தண்ணீர் முதலில் நுழைவது ஒழுங்கற்ற பகுதிக்குள்தான். படிகம் எளிதில் வழிவிடாது. ஆக, சூடு தாங்கப் படிகத்தைக் கூட்டினால் மக்கும் வேகம் குறையலாம். நீரை ஈர்க்கும் களிமண் போன்ற சில துகள்கள் அதை ஓரளவு ஈடுகட்டவும் செய்கின்றன. எப்படியானாலும் பிஎல்ஏ ஒழுங்காக மக்குவது 58 டிகிரி அளவில் இயங்கும் தொழில்முறை உரக்கூடங்களில்தான். கடலிலோ குப்பைமேட்டிலோ வீசினால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பாலிமர் மக்கினாலும் துகள் மண்ணில் தங்கிவிடும். களிமண்ணும் செல்லுலோஸும் மண்ணுக்குப் பழக்கமானவை. நுண்ணுயிரைக் கொல்லும் வெள்ளித் துகளைச் சேர்த்துவிட்டு அதையும் மக்கும் பொருள் என்று விற்பதை நான் ஏற்க மாட்டேன்.

இந்தியாவில் மக்கும் பிளாஸ்டிக்கை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். அதற்கான சோதனை மூலப்பொருளோடு நின்றுவிடாமல், துகள் கலந்து படிகமாக்கி முடித்த கோப்பையையே உரக்கூடச் சூழலில் இட்டுப் பார்ப்பதாக இருக்க வேண்டும். என்ன துகள், எவ்வளவு என்பதும் உறையில் அச்சாக வேண்டும். திருமணத்துக்கோ கடைக்கோ மொத்தமாக வாங்குபவர்கள், இது எந்த உரக்கூடத்துக்குப் போய்ச் சேரும் என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் எவர்சில்வர் டம்ளரையே வாங்குங்கள்.