ஸ்கடர் குடும்பமும் வேலூரும்

அமெரிக்கச் சமூக வரலாற்றில் பீச்சர் குடும்பத்தின் இடம் பெரிது. தந்தை லைமன் பீச்சரும் மகன் ஹென்றி வார்டு பீச்சரும் போதகர்கள். மகள் கேதரின் பெண்கல்விக்கு உழைத்தவர். மற்றொரு மகள் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் அடிமை முறையைக் கண்டித்து 1852இல் நாவல் வெளியிட்டவர். இதனை ஒத்த அமெரிக்கக் குடும்பமொன்று தமிழரிடையே தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றியுள்ளது. பாசிர் ரிஸ்ஸில் வாழும் தமிழர்க்கும் வேலூர் என்றால் மருத்துவமனையே நினைவுக்கு வரும். அதற்குப் பின்னிருந்த ஸ்கடர் குடும்பத்தை அறிந்தோர் சிலரே.

நியூயார்க் மருத்துவரான ஜான் ஸ்கடர் (1793–1855) 1819இல் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் நோய் தீர்த்தலையும் சமயம் பரப்புதலையும் ஒருங்கே செய்தார். 1836இல் சென்னைக்கு மாறினார். மருத்துவம் அவர்க்குச் சமயப் பணியின் துணைக்கருவியாகவே இருந்தது எனலாம். பண்டத்தரிப்பில் பிறந்த மகன் ஹென்றி மார்ட்டின், உடன்பிறந்தார் இருவருடன் 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவினார். ஆங்கிலப் பள்ளிகளைக் காட்டிலும் தமிழில் ஊர்தோறும் பேசுவதையே அம்மிஷன் தொடக்கத்தில் பெரிதெனக் கொண்டது. பின்னர் 1866இல் சைலஸ் ஸ்கடர் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார்.

இக்குடும்பப் போக்கில் உண்மையான திருப்பம் ஜானின் பேர்த்தி ஐடாவிடம் (1870–1960) நிகழ்ந்தது. அவருக்கு மிஷன் வாழ்வில் விருப்பமே இருந்ததில்லை. இளமையில் திண்டிவனத்தில் தந்தையுடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் பேறுகால இடரில் சிக்கிய மூன்று பெண்களின் கணவன்மார் உதவி தேடி வந்தனர். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். மூவரும் இறந்தனர். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் அவர் வேலூருக்குத் திரும்பினார்.

1902இல் எழுந்த மருத்துவமனையை விட, 1909இன் செவிலியர் பயிற்சியும் 1918இன் பெண்கள் மருத்துவப் பள்ளியுமே ஐடாவின் பெரும்பணி என்பது நம் கருத்து. வெளிநாட்டு மருத்துவர் எத்துணைபேர் வரினும் போதாது. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் என அவர் துணிந்தார். பாட்டனார் காலத்தில் தமிழர் மருத்துவம் பெறுவோராய் இருந்தனர்; பேர்த்தி காலத்தில் தமிழ்ப் பெண்கள் அதனை வழங்குவோர் ஆயினர்.

1930களின் இறுதியில் பட்டயக் கல்வியை நீக்கிப் பட்டக் கல்வியாக உயர்த்த வேண்டிய நெருக்கடி எழுந்தது. பொருளும் ஆசிரியரும் போதவில்லை. ஆண்களையும் சேர்ப்பதே வழியென்றபோது, பெண்களுக்கெனப் பொருள் ஈந்த அமெரிக்க ஆதரவாளர் சிலர் கடுமையாக எதிர்த்தனர். ஐடா அதற்கு இசைந்தார். 1947இல் முதல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர்.